கடைசிப் பக்கம்

கொட்டாஞ்சேனை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு.
மெற்றில்டாவின் மாடிப்படியில்
செருப்பைக் கழற்றும்போதே காசை எண்ணிவிடுவோம்
பத்துப் பேரும்.

சீட்டுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
ஆளுக்கொரு வரி.
ரிஸ்மியா: கடைவாய்ப் பல், இரண்டு.
புவனலோஜினி: அவன் பட்ட கடன். பிறகு அவன்.
நான்: ஓவர்லொக் மெஷின், பழசென்றாலும்.

ஆவணியில் ஆடிப்போனேன்.
செட்டியார் தெருவில் ஒரு சோடித் தோடு
பெயர் சொல்லிக் கூப்பிட்டது.
கூப்பிட்டதை அப்படியே சொன்னேன்.

ஒருத்தியும் புத்தி சொல்லவில்லை.
"எந்தக் கடை?" என்றாள் ரிஸ்மியா,
"நானும் அந்தப் பக்கம் போகாமல் விடத்தான்."

இப்போது இருவரும்
பின்சந்து வழியே சுற்றிப் போகிறோம்,
மழையென்றாலும்.
பல்லில்லாத பக்கத்தால்
கச்சான் கொறிக்கப் பார்க்கிறாள் அவள்.
எனக்கு
இன்னும் மூன்று ஞாயிறு.