பதினோரு பேர்

பாய லேபார், ஒன்பதாம் மாடி.
அங்கே செவ்வாய் மாலை வாக்குச்சாவடி மூடும்போது
இங்கே எனக்குப் புதன் காலைக் கோப்பி ஓ கோசோங்.

வேலை இதுதான்:
கடந்த பல தேர்தல்களின் உட்கட்சி வாக்கெடுப்புகளை
மாநிலம் மாநிலமாக, மாவட்டம் மாவட்டமாகக்
கட்டத்துக்குள் உட்காரவைப்பது.
இம்முறை கட்சி யாரை அதிபர் வேட்பாளராக்கும் என்று
பழைய எண்களிடம் கேட்டுச் சொல்லவேண்டுமாம்,
குறி கேட்பதுபோல்.

பனிக்காலத்தில் முதலில் வாக்களிக்கும் சின்ன மாநிலங்களை
நான் பார்த்ததில்லை.
பனியையே குளிர்பெட்டியின் மேல்தட்டில்தான் பார்த்திருக்கிறேன்.
ஆனாலும் தெரியும்,
அங்கே முதலில் வந்தவர் சிலர்
சித்திரை வரை தாங்கியதில்லை.
இரண்டாவதாக வந்து
வென்றவர்போல் பேசியவருக்கு
ஒரே செவ்வாயில் தெற்கு முழுவதும் திறந்துகொண்டது.
யாரை யாருக்குப் பிடித்தது என்பதைவிட
யாருக்கு எப்போது காசு தீர்ந்தது என்பதை
எண்கள் நன்றாகவே சொல்கின்றன.

இதெல்லாம் வளைகோடாகிவிடும்.
வளையாதது ஒரே ஒரு வரிசை.

ஏதோ மேய்ச்சல் நிலத்து மாவட்டம்.
வெண்டல் கார்மோடி என்று ஒருவர்.
மூன்று வாரம் முன்பே மேடையில்
மனைவியின் கையைப் பிடித்தபடி விலகிக்கொண்டார்.
அதற்குள் சீட்டில் பெயர் அச்சாகியிருந்தது.
பதினோரு பேர் அவருக்கே போட்டிருக்கிறார்கள்.

"மத்தவங்களோட சேத்துடு, அது இரைச்சல்"
என்றாள் அடுத்த மேசைச் சுபாஷினி.
எங்கள் அலுவலகத்தில் அதுதான் பெயர்,
கோட்டுக்கு உதவாத எதற்கும்.

தபாலில் முன்பே அனுப்பிவிட்டார்களா?
செய்தி எட்டாத பண்ணையா?
தெரிந்தேதான் போட்டார்களா?
பதினோரு பேரும் ஒரே வீடா, இல்லை
ஒருவரை ஒருவர் அறியாமல்
தனித்தனித் தடுப்புக்குப் பின் குனிந்தார்களா?

நான் முதலில் குனிந்ததே
முப்பத்தொன்பது வயதில்.
அதுவரை என் தொகுதியில் போட்டியில்லை.
வேட்புமனு நாள் நண்பகல் தாண்டும்.
எதிரே ஆள் இருக்காது.
வானொலியில் ஒரு வரி, பிறகு பாட்டு.
வாக்களிக்கப் போவதற்கென்று
தேக்காவில் வாங்கிய நீலச் சட்டை
விலைச்சீட்டோடு ஐந்து வருடம் தொங்கியது.
கடைசியில் ஒருநாள்
புளோக் அடித்தளத்தில் என் முறை வந்தபோது
அங்கயற்கண்ணி என்ற பெயரை
மூன்று துண்டாய் உடைத்து அதிகாரி உரக்கப் படித்தார்.
எழுந்து நின்று கை தூக்கலாம் போலிருந்தது.
சட்டை பிடிக்கவில்லை, இடுப்பில் இறுகிவிட்டிருந்தது.

எங்கள் தொகுதியின் பழைய முடிவுகளைத் தேடினால்
அந்த ஆண்டுகளுக்கு எதிரே
சின்னதாய் ஒரு கோடு இருக்கும்.
மென்பொருளுக்குக் கோடும் பூஜ்யமும் ஒன்று,
கண்ட இடத்தில் நிரப்பிவிடும்.
பூஜ்யம் என்றால்
கேட்டார்கள், யாரும் சொல்லவில்லை.
கோடு என்றால்
கேட்கவே இல்லை.

பதினோரு பேருக்குத் தனிப் பத்தி திறந்தேன்.
தலைப்பு: விலகிய பின்.
மற்ற மாவட்டங்களிலும் துழாவ
ஊருக்கு ஆறு, ஊருக்கு நாற்பது என்று
வந்துகொண்டே இருந்தார்கள்.
மதியச் சோறு ஆறிப்போனது.
சாயங்காலம் கூட்டிப் பார்த்தால்
எழுபதாயிரத்துச் சொச்சம் பேர்
போய்விட்டவருக்காக வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

அவர்கள் விடிந்ததும் பதில் வந்தது:
புதிய பத்தியால் கணிப்பில் மாற்றமில்லை.
பிழை விகிதம் அதேதான்.
இனி கேட்காததைச் சேர்க்கவேண்டாம்.

சரி என்று எழுதினேன்.
பத்தியை மறைத்தேன், அழிக்கவில்லை.

ஈசூனுக்குப் போகும் கடைசி ரயில்.
எதிர் இருக்கையில் ஒருவர்
வாய் திறந்து தூங்குகிறார்.
கார்மோடியிடம் யாராவது சொல்லியிருப்பார்களா,
அந்த மாவட்டத்தில்
பதினொன்று என்று?