பின்சக்கரம், இடப்பக்கம்

பேச்சிப்பாறை இறக்கத்தில்
பெடல் தரைவரை போய், திரும்பி வரவில்லை.
இரண்டாம் கியரும் கைப்பிரேக்கும்
எதிரே வந்த பலாக்காய் லாரிக்காரரின் வசவும் சேர்ந்து
எங்களை நிறுத்தின.
அடுக்களையிலிருந்த டம்ளர்கள் எல்லாம்
உருண்டு எங்கள் முதுகுக்குப் பின்னால் கூடிவிட்டன.

டென்சிங் ஒன்றும் சொல்லவில்லை.
நானும்.
வண்டியை விற்றால் என்ன என்று
முந்தாநாள் நான் கேட்டதிலிருந்தே அப்படித்தான்.

சூடு ஆறட்டும் என்று ஒரு மணிநேரம்.
பிறகு நத்தையாக, குலசேகரம்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும்.
மூடி இறுக்கமாகத்தான் இருந்தது,
என்றாலும் குடிக்கும்.
மூன்று வருடம் இந்த ஜில்லாவில்;
ஆனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று, ஆறு மழைக்காலம்.
இறக்கத்தில் அந்த ஈரம் கொதித்து ஆவியாகிவிட்டால்
எத்தனை மிதித்தாலும்
மிதிப்பது ஆவியைத்தான்.

ஸ்பேர் கடையில் சீல் உடைக்காத டப்பா இரண்டு,
மீன்தொட்டிக் குழாய் ஒரு முழம்.
மறுநாள் விடியலில் ரப்பர் தோட்டத்து ஓரம்
நான் வண்டிக்கு அடியில், பத்தாம் நம்பர் ஸ்பானரோடு.
அவன் மேலே, பெடலில்.
முகத்துக்கு முகம் தெரியாது.

'மிதி.'
'மிதிச்சாச்சு.'
'பிடி.'
'பிடிச்சிருக்கேன்.'
கால் திருப்பு திறந்தேன்.
கருப்பட்டிக் காப்பியின் அடிமண்டி மாதிரி
கறுத்து இறங்கியது.
பிறகு குமிழி.
பிறகும் குமிழி.
முடுக்கினேன்.
'விடு.'

முடுக்குமுன் விட்டால் காற்று உள்ளே கேறும்,
முதலிலிருந்து தொடங்கவேண்டும்.
ஒருதரம் விட்டான்.
நான் திட்டினேன், அவன் திருப்பித் திட்டினான்.
இரண்டு நாளில் அதுதான் எங்கள் நீளமான பேச்சு.

பால் வெட்ட வந்த பையன் சுபின்
நெற்றி விளக்கோடு குனிந்து
பாட்டிலைப் பார்த்தான்.
'இது எந்த மரத்துப் பாலு அக்கா?'
'மழத்தண்ணி கேறிப்போச்சு.'
'எங்களுக்கும் அதாக்கும் கேடு' என்றுவிட்டு
பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரங்களுக்குள் போனான்.

வலப் பின். இட முன்.
வல முன்னில் குழாய் தெளிந்தது, தேன் நிறம்.
அதற்குள் கதவில் ஒரு சொட்டு சிந்தி,
நான் துணி தேடுவதற்குள்
எங்கள் நீலப் பெயின்ட் சுருங்கி உரிந்தது.
அடியில் பழைய மஞ்சள்.
பள்ளிக்கூட வேனாக ஓடிய நாளின் எழுத்து ஒன்று:
'கு'.
இருவரும் பார்த்தோம்.
யாரும் வாசிக்கவில்லை.

'இத எங்க கொட்ட?' என்றான்,
கறுப்பு பாட்டிலைத் தூக்கி.
ஓடையில் ஆகாது.
ரப்பர் மூட்டில் ஆகாது.
மூடி இறுக்கி என் சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

திருவரம்பு தாண்டி முதல் இறக்கம்.
மிதித்தான்.
பாதியில் கல்லாக நின்றது பெடல்.
பாட்டில் உருண்டு வந்து
என் குதிகாலில் தட்டியது.