வரிசையில் இல்லாதது

பூத்ர்தோர் கரையில் முழங்கால் சேறு.
ஏழு பேருக்கும் கயிறு பிடித்துக் காட்டினார் மேஸ்திரி:
முழத்துக்கு ஒன்று. கோணக் கூடாது.

கண்டல் விதையை விதை என்பது தப்பு.
தாய்க் கிளையிலேயே முளைத்து
முருங்கைக்காய் நீளத்துக்குத் தொங்கி
விழும்போதே அது செடி.
ஓதம் வற்றியிருந்தால் விழுந்த இடத்தில் குத்தி நிற்கும்.
நிறைந்திருந்தால்
படுத்தபடி மிதந்து போகும்,
வாரக்கணக்கில்,
அடி கனத்து நிமிரும்வரை.

முந்நூற்றுப் பத்து நட்டோம். கூலி வாங்கினோம்.
மார்ச் மாதப் புயலுக்கு வரிசை தெரியவில்லை.
கயிறு மட்டும் மிச்சம்.

என் கூடையிலிருந்து எப்போதோ நழுவிய ஒன்று
வேலாயுதோமின் படகு ஏறும் தடத்தில்,
நட்ட நடுவில்,
நாலு இலை விட்டிருந்தது.

அவர் குனிந்தார். பிடுங்கத்தான் என்று நினைத்தேன்.
தண்டில் சுற்றிய நைலான் வலைத்துண்டைக்
கத்தியால் அறுத்தார்.
"இதுக்கும் கூலி வாங்கினியா?"
இல்லை என்றேன்.
"அப்போ இருக்கட்டும்."

மறுநாள் படகு ஒரு கை தள்ளி ஏறியது.

மூன்று வருஷம் ஆகிறது.
இப்போதுதான் முதல் முட்டுவேரை இறக்கியிருக்கிறது,
படகு வரும் பக்கமாக.