பத்து மணி: ஏணை

பெயர் என் நாக்கில் நிற்காத ஒரு கரீபியன் தீவில்
வந்தவர்களுக்குப் பொழுது போக்கிக் கொடுப்பது
கஸ்பாருக்கு வேலை.
அதற்கும் ஆள் வைப்பார்களா என்று
பெண் கேட்டு வந்த அன்று அப்பா கேட்டார்.
பதினோரு வருஷமாக அந்தக் கேள்வி
நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இந்த விடுப்பில் வந்த மூன்றாம் நாள்
ஜெனிட்டாவின் பழைய சிலேட்டைத் தேடி எடுத்து
வாசல் ஆணியில் மாட்டினார்.

ஏழு மணி: கரையோர நடை.
பத்து மணி: ஏணை.
பன்னிரண்டு: குளிர்ந்த பானம்.
நாலு மணி: ஒன்றுமில்லை.
ஆறு மணி: சூரியன் கடலில் இறங்குதல்.

"இன்னைக்கு நீ விருந்தாளி" என்றார்.

நான் கூடுதாழையில் மீன் ஏலத்துக்குக் கணக்கு எழுதுகிறவள்.
நடந்தால் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் எனக்கு.
அவர் சிப்பி பொறுக்கித் தந்தார்.
எதிரே வந்த மூன்று பேரிடம் பழைய பாக்கியை வாங்கினேன்.
"இது நடையில சேராது" என்றார்.
ஆயிரத்து நானூறு ரூபாய்
எதில்தான் சேராது?

கழித்துப்போட்ட வலையை
இரண்டு தென்னைக்கு நடுவே இழுத்துக் கட்டியிருந்தார்.
பெரிய ஆளுக்கு ஏணை.
ஏறிப் படுத்ததும் கச்சான் காற்று
ஒரு கை மணலை அள்ளி வாயில் போட்டது.
ரொசாரி மயினி குடத்தோடு நின்றாள்.
"பிரகாசி, மேலுக்கு என்னட்டி?"
"ஒண்ணுமில்ல மயினி, சும்மா படுத்திருக்கேன்."
"சும்மாவா? ஆஸ்பத்திரிக்குப் போனியா?"
பதினொன்றரைக்கெல்லாம்
தூக்குச்சட்டியில் சாளைக் குழம்பு வந்துவிட்டது,
நோயாளிக்கென்று காரம் குறைத்து.

பன்னிரண்டு மணிக்கு நன்னாரி சர்பத்.
எவர்சில்வர் டம்ளர்தான்,
ஈர்க்குச்சியில் பூவரச இலையைக் குத்தி
சின்னக் குடை ஒன்று செருகியிருந்தார்.
வாங்கிக் குடித்து நிமிர்ந்தால்
அப்படியே நிற்கிறார்:
ஒரு கை முதுகுக்குப் பின்னால்,
தலை கொஞ்சம் சாய்வாக,
அளந்து வைத்த சிரிப்பு.
கல்யாண போட்டோவில்கூட
இப்படி நின்றதில்லை இந்த மனுஷன்.

"உக்காருங்க."
"விருந்தாளி முன்னால உக்காரக் கூடாது."
விளையாட்டுக்குத்தான் சொன்னார்.
ஆனால் உட்காரவில்லை.

"அங்க இந்த ஏணையில நீங்க படுத்திருக்கியளா?"
"காலையில கட்டுவேன். ராத்திரி அவுப்பேன்.
மழை வந்தா ஓடிப்போய் எடுப்பேன்."
"படுத்திருக்கியளான்னு கேட்டேன்."
டம்ளரை வாங்கிக்கொண்டு போய்
ரொம்ப நேரம் கழுவினார்.

நாலு மணிக்கு ஏலக்கூடத்திலிருந்து போன்.
கணக்கில் இரண்டு பெட்டி இடிக்கிறதாம்.
பிடுங்கிக்கொண்டு, தீவின் இங்கிலீஷில்,
மேடம் ஓய்வில் இருக்கிறார்கள் என்றார்.
அந்தப் பக்கம் மிக்கேல் பயந்து வைத்துவிட்டான்.
எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
வலை ஆடிய ஆட்டத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது.
இறங்கி, இறுக்கிப் போட்டு,
"கட்டினது சரியான்னு ஒருக்கா படுத்துப் பாருங்க" என்றேன்.

சோதிக்கத்தான் படுத்தார்.
ஐந்தாவது ஆட்டத்தில் வாய் திறந்துகொண்டது.
கால் இரண்டும் வெளியே,
செருப்பைக் கழற்றவில்லை,
எந்த நேரமும் ஓடத் தயாராக.
கழற்றி வைத்தேன்.
மணலில் உட்கார்ந்து நோட்டை விரித்து
இடித்த இரண்டு பெட்டியைக் கண்டுபிடித்தேன்.
ஒரு கை எழுத,
ஒரு கால் வலையைத் தள்ளிக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்கு எழுப்பச் சொல்லியிருந்தார்.
அந்தத் தீவில் சூரியன் முங்கினதும்
எல்லாரும் கைதட்டுவார்களாம்,
முதல் தட்டு இவருடையதாக இருக்க வேண்டுமாம்.
பிறந்த ஊரில் அது கடலில் விழாது என்பது
மனுஷனுக்கு மறந்தே போயிருக்கிறது.
இங்கே அதற்குப் பின்பக்கம்தான் வழி:
தேரியைத் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவில்,
ஒவ்வொரு இறக்கையிலும் கொஞ்சம் வெட்டுப்பட்டு.

எழுப்பவில்லை.
அது பாட்டுக்குப் போயிற்று.
அவர் முகத்தருகே வந்த கொசுவுக்காக மட்டும்
இரண்டு தட்டு தட்டினேன்,
மெதுவாக.