முப்பத்துநான்கு கிலோமீற்றர்

வெள்ளவத்தையில் ஏறிக்
களுத்துறை தெற்கில் இறங்கினால்
ஒரு நிலாவைக் குறுக்கே கடந்துவிடலாம்.
மெதுவண்டிதான், எல்லா நிலையத்திலும் நிற்கும்.
தெஹிவளையில் கடலைக்காரர் ஏறுவார்,
மொரட்டுவையில் மரத்தூள் படிந்த பையன்கள்.
பாணந்துறையில் எனக்கு இருக்கை கிடைக்கும்.

நெப்டியூனின் உட்பக்கத்து நிலா அது.
பெரிய நிலாவில் ஒரு வால்வெள்ளி மோத
உதிர்ந்த துண்டாயிருக்கலாம் என்கிறார்கள்.
பெயர், கடற்குதிரை.

எண்பத்தொன்பதில் ஒரு விண்கலம் பக்கத்தால் போனது.
காணவில்லை.
பிறகு தொலைநோக்கி ஆண்டுக்கணக்காய் எடுத்த படங்களில்
அது இருந்தது,
இருந்தும் ஒருவருக்கும் தெரியவில்லை.
ஓடுகிற பொருளுக்கு நின்ற படம் போதாது.
யாரோ பொறுமையாக உட்கார்ந்து
ஒவ்வொரு படத்தையும் அதன் ஓட்டத்துக்கு நகர்த்தி
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்க
வெறும் கறுப்பில் ஒரு புள்ளி திரண்டது.

இதை வாசித்த கிழமைதான்
சன்னாசி திரும்பி வந்தார்.
புறக்கோட்டை நாட்டாமி, வெங்காய மூட்டை.
வலது மணிக்கட்டு.
இரண்டு வருடம் தைலம் குடித்த தோல்
எக்ஸ்ரே அறை முழுக்க மணத்தது.

புதிய படத்தில்
படகெலும்பு இரண்டாய்க் கிடந்தது.
பழைய உறையைத் தேடி எடுத்தேன்.
அன்று ஆறு மணிக்கு மின்வெட்டு,
வாசலில் பதினொரு பேர்.
நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அனுப்பிவிட்டேன்.
கையைக் கொஞ்சம் சாய்த்து வைத்து
மூன்றாவது எடுத்திருக்க வேண்டும்.

விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன்.
மயிரில் பாதி.
இருக்கிறதென்று தெரிந்தவளுக்கு மட்டும் தெரிகிற கோடு.

"அப்பவே இருந்திச்சா மிஸ்?"

இருந்தது என்றேன்.
கோபத்துக்குக் காத்திருந்தேன்.
அவர் சிரித்தார்.
"மொதலாளி நடிப்புன்னு சொல்லி
பாதிச் சம்பளத்த புடிச்சிட்டாரு.
வீட்லயும் நம்பல.
கொஞ்ச நாள்ல எனக்கே சந்தேகம் வந்திரிச்சு.
அத எழுதிக் குடுங்க மிஸ்,
தேதியோட."

எழுதுவது என் வேலையில்லை, டொக்டரின் வேலை.
நிரோதினி கதவைச் சாத்தியபடி
"உனக்குத்தான் வில்லங்கம்" என்றாள்.
பழைய படத்தையும் புதியதையும்
ஒரே உறையில் போட்டு
டொக்டரின் மேசைக்குக் கொண்டுபோனேன்.
என் இரண்டு படங்களையும்
எடுக்காத மூன்றாவதையும் சொன்னேன்.

ஏழு இருபது வண்டி.
கடல் பக்கம் ஒன்றும் தெரியவில்லை,
நுரை மட்டும் அவ்வப்போது.
களுகங்கைப் பாலத்தில் சக்கரச் சத்தம் மாறியபோதுதான்
நிலாவின் மறுகரை வந்துவிட்டதென்று உறைத்தது.
பாணந்துறையில் இருக்கை காலியாகியிருக்கும்.
நான் கம்பியைப் பிடித்தபடியே நின்றிருந்தேன்,
மணிக்கட்டை
ஒரு பக்கமாய்ச் சாய்த்து.