வடக்கே தலை

கரியாப்பட்டினத்துக்குக் கிழக்கே
இறால் குட்டைக்கு ஒன்பதடி தோண்டிய இடத்தில்
வாளியின் பல்லில் கறுப்பாய் ஏதோ இடறியது.
எந்திரத்தை அணைத்துவிட்டு வைரக்கண்ணு
குட்டைக்காரருக்குச் சொல்லுமுன்
எனக்குப் போன் செய்தார்.

நாலு நாள். மோட்டார் வைத்து நீரிறைத்து,
களிமண்ணைக் கையால் வழித்து
பதினேழு மரங்களை எண்ணினோம்.
புன்னை, இலுப்பை, பெயர் பிடிபடாத இரண்டு.
கரியில்லை, கல்லில்லை, இன்னும் மரம்தான்:
நகத்தால் கீறினால் நார் எழும்புகிறது.
வெயில் பட்டால் வெடித்துவிடும் என்று
ஈரச்சாக்கு போர்த்தி வைத்தோம்.

ஒரு துண்டை அறுத்துக் கழுவினேன்.
வைரம் நடுவில் இல்லை.
மேற்கே வளையங்கள் தாராளமாய்,
கிழக்கே பஞ்சத்தில் பிறந்தவைபோல் நெருங்கி.
வருஷா வருஷம் கச்சான் தள்ளத் தள்ள
தள்ளுகிற பக்கமே நாரை முறுக்கேற்றி
தன்னைத் தானே இழுத்துக் கட்டியிருக்கிறது மரம்,
கூடாரத்துக்குக் கயிறுபோல.

அது அன்றாடக் காற்று.
விழுந்த இரவுக்கு வேறு கணக்கு.

வெள்ளம் புரட்டிய மரமென்றால்
வேர் அலசிப்போய், எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும்.
இவையோ வேரோடு மண்ணையும் பெயர்த்து
நின்ற இடத்திலேயே சாய்ந்தவை.
பதினாறும் தெற்கே தலை.
வாடைப் புயல் என்று எழுதி
காம்பஸை மூடிவிட்டேன்.

பதினேழாவது, வடக்கே தலைவைத்துக் கிடந்தது.

"அப்படிப் படுக்கக் கூடாதே"
என்றார் வைரக்கண்ணு, சிரித்துக்கொண்டுதான்.

பதினொன்றாம் மரத்தின் முதுகின்மேல் கிடந்தது அது.
ஆக, பிந்தி விழுந்தது.
ஆக, புயலின் கண் இந்தக் குட்டை வழியே போயிருக்கிறது:
வடக்கிலிருந்து அடித்து, ஓய்ந்து,
பிறகு தெற்கிலிருந்து.
இரண்டு மரத்துக்கும் நடுவே விரல் நுழையாது.
அதற்குள் இருந்திருக்கிறது
அரை மணியோ முக்கால் மணியோ, அசையாத ஓர் அமைதி.

உற்சாகத்தில் உரக்கச் சொல்லிவிட்டேன்.

"கஜாவிலும் அப்படித்தான் நின்றது" என்றார்.
"நட்சத்திரம்கூடத் தெரிந்தது.
தம்பி ஆட்டை அவிழ்க்கப் போனான்."
பிறகு எந்திரத்தில் ஏறி
கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

எண்: பதினேழு.
சாய்வு: வடக்கு, மூன்று பாகை கிழக்கே.
வயது: ஆய்வகம் சொல்லும்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
தெற்கிலிருந்து வருகிற காற்றுக்கு
அழகான பெயர் ஒன்று வைத்திருக்கிறோம் நாம்.
அதை எழுதவில்லை.

வெயில் ஏறிவிட்டது.
சாக்கு காய்கிறது.
இரண்டு பேரும் ஆளுக்கொரு வாளி எடுத்தோம்.