ஆறைக் கவிழ்த்தால் ஒன்பது

டகோட்டாச் சமவெளியில், தண்டவாளம் முடிந்துபோகும் ஊரில்
அச்சுக்கோப்பவன் நான், ஐலெர்ட்.
ஏல அறிவிப்பு, கல்யாணம், காணாமல்போன குதிரை,
எதுவானாலும் என் விரலுக்கு முதலில் இடம்வலம் மாறித்தான் வரும்.
பொய்க்கென்று தனி ஈயம் கிடையாது.

போதகர் ஹெக்தால் கொண்டுவந்த தாளில்
ஒரே ஒரு தேதி:
அக்டோபர் 16, வியாழன், சூரியன் சாயும் நேரம்.
இருப்பதிலேயே பெரிய எழுத்து வேண்டும் என்றார்.
முன்னூறு பிரதி. கையோடு காசு.

குன்வோர் ஸ்லெட்டன் தன் இரண்டு பசுக்களையும்
கால் விலைக்கு விற்றாள்.
அந்த இலையுதிர்காலத்தில் விறகு பிளக்கும் சத்தமே இல்லை.
அவள் மகன் அஸ்லாக்குக்குக் காதில் சீழ்.
"டாக்டரிடம் போக ஒரு நாள் வண்டிப் பயணம்.
வியாழனுக்கு அப்புறம் வலி ஏது?"
வெங்காயச் சாறு விட்டுப் பஞ்சு வைத்தாள்.

வியாழன் வந்தது.
குன்று என்று சொல்ல முடியாத ஒரு மேட்டில்
அறுபது பேர், துவைத்த உடுப்பில்.
கடை வாசலிலிருந்து பார்த்தேன்.
சூரியன் சாய்ந்தது,
பாக்கி வைத்துப் பழக்கமில்லாத ஆள்போல.
பிறகு குளிர்.
பிறகு ஒவ்வொரு லாந்தராக வீடு திரும்பியது.

வெள்ளி காலை என் கதவைத் தட்டினார்.
வெறுங்கால். பூட்ஸை யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்,
இனி எதற்கு என்று.
அதுதான் எனக்கு இன்றும் தொண்டையில் நிற்கிறது:
ஏய்க்க வந்தவன் தன் பூட்ஸைக் கொடுப்பானா?
"கணக்கில் மூன்று நாள் விடுபட்டது" என்றார்.
"ஞாயிறு. பத்தொன்பது."
கோத்ததை நான் இன்னும் கலைக்கவில்லை.
ஆறைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். ஒன்பது.
கிழமையை மாற்றத்தான் கொஞ்சம் வேலை.

ஞாயிறும் சாய்ந்தது.

டாக்டர் ஊவ்ரெபோ என் மனைவிக்கு
வசந்தம்வரை என்றார். அறுவடைக்கே போய்விட்டாள்.
அவரைப் போலி என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.
குழியருகே தொப்பியைக் கழற்றி
"தப்பாகச் சொல்லிவிட்டேன், ஐலெர்ட்" என்றார்.
நான்கே சொல். அதை அடிக்க எத்தனை எழுத்து ஆகிவிடும்?

மூன்றாவது தாளில் எண்ணே இல்லை.
நடந்தேவிட்டதாம். வானத்துக்குள், திரைக்கு அப்பால்.
காணாதது நம் கண்ணின் குற்றமாம்.
"நான் தவறினேன் என்று ஒரு வரி சேருங்கள்,
கூலி வேண்டாம்" என்றேன்.
யாரோ கொடுத்த பூட்ஸ் இப்போது அவர் காலில்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"என் வார்த்தையாக இருந்தால் அல்லவா நான் திருத்த?"
அடித்துக் கொடுத்தேன். கடை வாடகை இருந்தது.

கள்ளத் தீர்க்கதரிசி என்றார்கள் தானியக் கிடங்கில்.
மனுஷன்தானே, கணக்குத் தப்பும் என்றார்கள் சர்ச் படியில்.
நீ என்ன சொல்கிறாய் என்று என்னையும் கேட்டார்கள்.
எனக்கு வேதம் தெரியாது, ஈயம் தெரியும்.
ஒவ்வொரு எழுத்தின் உடம்பிலும் ஒரு கீறல் உண்டு;
எது தலை, எது கால் என்று இருட்டிலும் விரல் சொல்லிவிடும்.
வியாழனுக்கு முன் அவர் யாராக இருந்தாரோ, அறியேன்.
வெள்ளிக்கிழமை அந்த எண் கவிழ்ந்தபோது
வரிசையில் அதன் கீறல் மட்டும் எதிர்ப்பக்கம் இருந்தது.
என் விரல் அறிந்தது.
அவருக்குள்ளும் ஏதோ ஒரு விரல் அறிந்திருக்கும்.
அதற்கு என்ன பெயரோ, அதில் எனக்கும் பங்கு,
முன்னூறுக்கு இரண்டு டாலர் வீதம்.

பசுக்களை வாங்கிய குபிச்செக்
எந்தக் கோயிலுக்கும் போகாதவர்.
பனிக்காலம் முழுக்கப் பால் கொடுத்தனுப்பினார்,
பசுவை மட்டும் திருப்பித் தரவில்லை.

அஸ்லாக் இப்போது என் கடையில் பெருக்குகிறான்.
இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை.
மேசையைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போகிறேன்.
பிறகு சொல்கிறேன்.